லித்தியம் பேட்டரி பேங்க்கில் ஒரு செல் மட்டும் தனி வழியில் போகிறதா?

"ஏழாம் நம்பர் செல் போச்சு, மாற்றிவிடலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது போகிறது? சார்ஜ் முடிகிற நேரத்திலா, லோடு ஓடும்போதா, சும்மா கிடக்கும்போதா? பதில் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. தெரியாமலே செல்லை மாற்றியவர்களில் நானும் ஒருவன். பழைய ஏழாம் செல்லைக் கழற்றி, புதியதை வைத்து, எல்லாவற்றையும் முறுக்கிவிட்டு மறுநாள் பார்த்தால் அதே ஏழாம் இடம், அதே சரிவு. கோளாறு செல்லில் இல்லை, அது உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்தது. அந்தக் கதை கீழே வரும்.

இங்கே வரும் எண்கள் எல்லாம் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது எல்.எஃப்.பி செல்களுக்கு மட்டும். உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொண்டது 280 ஆம்பியர்-மணி செல்கள் 16 வரிசையாகச் சேர்ந்த 51.2 வோல்ட் பேங்க். உங்களுடையது 4.2 வோல்ட் வரை ஏறும் என்.எம்.சி வகை என்றால் இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சீல் போட்டு வந்த ரெடிமேட் பேட்டரி என்றால் ஆப்பில் பார்த்துச் செய்யக்கூடியதை மட்டும் செய்யுங்கள். மூடியைத் திறந்தால் வாரண்டி போய்விடும்.

## இவற்றைக் கண்டால் வேறெதையும் படிக்க வேண்டாம்

- கரண்ட் ஓடாதபோதும் ஒரு செல் மட்டும் சூடாக இருக்கிறது.
- செல்லின் மேலுள்ள வால்வு திறந்திருக்கிறது, அல்லது அதைச் சுற்றி ஈரம்.
- நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஒரு வாடை அறையில் அடிக்கிறது.
- செல் பக்கவாட்டில் நன்றாக உப்பி, பக்கத்துச் செல்லைத் தள்ளுகிறது.

சார்ஜையும் லோடையும் நிறுத்தி, பிரேக்கரை இறக்கிவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்துவைத்து வெளியே வாருங்கள். புகை வந்தால் தீயணைப்புத் துறைக்குத்தான் போன். புகை இல்லையென்றாலும் அந்த பேங்க்கை இனி தொட வேண்டியவர் லித்தியம் தெரிந்த டெக்னீஷியன்தான். ஊதிய செல்லைப் பலகை வைத்து இறுக்கித் தட்டையாக்கப் பார்ப்பவர்கள் உண்டு. வேண்டவே வேண்டாம்.

சார்ஜ் ஏறும்போது பிரிஸ்மாட்டிக், அதாவது பெட்டி வடிவச் செல்கள் லேசாக உப்பி, இறங்கும்போது அடங்குவது இயல்பு. அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை.

## முதலில் மூன்று அளவு

எந்தக் கோளாறாக இருந்தாலும் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் பேப்பரில் மூன்று பத்தி போடுங்கள். 16 செல்லின் வோல்டேஜையும் மூன்று தடவை குறித்துக்கொள்ள வேண்டும்.

1. சார்ஜ் முடியும் நேரத்தில், பேங்க் 55 வோல்ட்டை நெருங்கும்போது.
2. சார்ஜும் லோடும் இல்லாமல் ஒரு மணி நேரம் சும்மா இருந்த பிறகு.
3. நல்ல லோடில், 50 ஆம்பியருக்குக் குறையாமல் ஓடும்போது.

சும்மா இருக்கும்போது எல்லாம் ஒன்றாக நின்று, லோடில் மட்டும் ஒரு செல் கீழே போய், சார்ஜில் அதே செல் மேலே போனால் அது இணைப்புக் கோளாறு, அல்லது அந்தச் செல்லின் உள்தடை கூடியிருக்கிறது. சார்ஜ் முடியும்போது மட்டும் விலகினால் செல்கள் சமன் தவறியிருக்கின்றன. காலியாகும்போது மட்டும் விலகினால் கொள்ளளவைச் சந்தேகிக்க வேண்டும். நடுவில், அதாவது 3.25-க்கும் 3.33-க்கும் இடையே நிற்கும்போது தெரியும் 5, 10 மில்லிவோல்ட் வித்தியாசத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. எல்.எஃப்.பி அந்த இடத்தில் மேசை மாதிரி தட்டையாகப் போகும். அதைப் பார்த்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

## சார்ஜ் முடியும் முன்பே பி.எம்.எஸ் கட் செய்கிறது

செல்களைக் கண்காணித்து, எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் பலகைதான் பி.எம்.எஸ். அதன் ஆப்பைத் திறந்து பார்த்தால் ஒரு செல் 3.65-ல் நிற்கும். மீதி எல்லாம் 3.37, 3.38. இன்வெர்ட்டர் ஓவர் வோல்டேஜ் என்று கத்தியிருக்கும்.

சார்ஜர் செட்டிங் அதிகமா? முதலில் இதைப் பாருங்கள், காசு செலவில்லை. 58.4 வோல்ட் என்று வைத்திருந்தால் அது ஒரு செல்லுக்கு 3.65, அதாவது எல்லையின் விளிம்பு. தினசரி ஓட்டத்துக்கு 55.2 போதும், செல்லுக்கு 3.45 வரும். அதற்கு மேலே ஏற்றிக் கிடைக்கும் கொள்ளளவு ஒன்றிரண்டு சதவீதம் கூட இருக்காது. சார்ஜ் முடிந்த பிறகு பிடித்துவைக்கும் வோல்டேஜான ஃப்ளோட்டை 53.6 அருகே வையுங்கள்.

அளவு உண்மையா? ஆப் 3.65 காட்டும் செல்லின் முனைகளில் நேரடியாக மல்டிமீட்டரை வையுங்கள். மீட்டர் 3.45 காட்டினால் கோளாறு, பி.எம்.எஸ் அந்தச் செல்லை அளக்கும் சென்ஸ் வயரில்தான். இதற்கு ஒரு அடையாளம் உண்டு. ஒரு செல் அதிகமாகவும் பக்கத்துச் செல் கிட்டத்தட்ட அதே அளவு குறைவாகவும் காட்டும், இரண்டையும் கூட்டினால் கணக்கு சரியாக வரும். அந்த இரண்டுக்கும் பொதுவான வயரின் ரிங், கிரிம்ப், பிளக் பின் மூன்றையும் பாருங்கள்.

இரண்டும் சரியென்றால் அந்தச் செல் மற்றவற்றைவிட முன்னால் ஓடுகிறது, அவ்வளவுதான். கெட்டுப்போகவில்லை. புதிதாகக் கட்டிய பேங்க்கில் இது சகஜம், ஏனென்றால் பெட்டியிலிருந்து வரும்போதே செல்கள் ஒரே அளவு சார்ஜில் இருப்பதில்லை.

சரி செய்யும் வழி: சார்ஜ் எல்லையை 54.4-க்கு இறக்குங்கள். கரண்டையும் 10, 15 ஆம்பியருக்குக் குறைத்துவிடுங்கள். செல்களைச் சமப்படுத்தும் பேலன்சர் வேலை செய்ய நேரம் கிடைக்கும். வித்தியாசம் 20 மில்லிவோல்ட்டுக்குள் வந்ததும் 54.8, அப்புறம் 55.2. ஒவ்வொரு படியிலும் ஒரு நாளோ இரண்டு நாளோ பொறுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக ஏற்றினால் மறுபடி அதே செல் 3.65-ஐத் தொட்டு பி.எம்.எஸ் கட் செய்யும், பேலன்சருக்கு நேரமே கிடைக்காது.

எவ்வளவு நாள் ஆகும் என்பதற்கு எளிய கணக்கு. ஒரு செல் 10 ஆம்பியர்-மணி முன்னால் இருக்கிறது என்று வையுங்கள். பி.எம்.எஸ்ஸுக்குள்ளேயே இருக்கும் பாசிவ் பேலன்சர் 100 மில்லியாம்பியர்தான் எரிக்கும் என்றால் 100 மணி நேரம் வேண்டும். தினமும் பேங்க் உச்சியில் நிற்பது ஒரு மணி நேரம் என்றால் 100 நாள்! "பேலன்சர் வேலையே செய்யவில்லை" என்ற புகார்களில் பாதி இந்தக் கணக்குத்தான். முந்திய செல்லிலிருந்து எடுத்துப் பின்தங்கியதற்குக் கொடுக்கும் 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் இருந்தால் அதே வேலை சில மணி நேரத்தில் முடியும். ஆனால் சில வகைகளில் வித்தியாசம் குறையக் குறைய கரண்டும் குறையும், கடைசி சில மில்லிவோல்ட் இழுத்தடிக்கும்.

அவசரமென்றால் முந்தி நிற்கும் செல்லின் முனைகளில் 1 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து இறக்கலாம். சுமார் 3.4 ஆம்பியர் போகும், ரெசிஸ்டர் கையைச் சுடும், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள்.

எல்லா செல்லையும் கழற்றி இணையாகக் கட்டி 3.65-க்கு ஏற்றும் டாப் பேலன்சிங் கடைசி வழி. இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது: 280 ஆம்பியர்-மணி செல் 16 சேர்ந்தால் 4480 ஆம்பியர்-மணி. 10 ஆம்பியர் பெஞ்ச் சப்ளையால் பாதியிலிருந்து நிரப்பவே ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். அதனால் முதலில் வரிசையிலேயே, பி.எம்.எஸ் காவலோடு, முடிந்த மட்டும் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் இணையாக மாற்ற வேண்டும். சப்ளையின் வோல்டேஜைச் செல்லோடு இணைக்கும் முன்பே 3.65-க்கு வைத்துவிடுங்கள். இணைத்த பிறகு குமிழைத் திருப்பி ஏற்றுவதில்தான் செல்கள் சாகின்றன.

*டெக்னீஷியனை எப்போது அழைக்க வேண்டும்:* 3.65-க்கு மேலே போயும் பி.எம்.எஸ் கட் செய்யவில்லை என்றால் உடனே. காவல்காரன் தூங்கும் பேங்க்கை ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

## லோடு ஏற்றினால் ஒரு செல் மட்டும் தொபுக்கென்று விழுகிறது

என் ஏழாம் நம்பர் இதுதான். சும்மா இருக்கையில் 3.31, மற்ற எல்லோரையும் போல. மோட்டார் ஓடி 60 ஆம்பியர் இழுத்தால் மற்றவை 3.27-ல் நிற்க, ஏழு மட்டும் 3.18. மோட்டார் நின்ற அடுத்த நொடி பழைய இடத்துக்கு வந்துவிடும். நொடியில் விழுந்து நொடியில் எழுந்தால் முதலில் இணைப்பைச் சந்தேகியுங்கள்.

புது செல்லிலும் அதே சரிவு வந்த பிறகுதான் மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டுக்குத் திருப்பினேன். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு முனையைச் செல்லின் அலுமினிய முகப்பிலும் மறுமுனையை அதன் மேல் படுத்திருக்கும் பஸ்பாரிலும், அதாவது செல்களை இணைக்கும் உலோகப் பட்டையிலும், வைத்தேன். இரண்டுக்கும் இடையே நகக்கண் அளவுதான் தூரம். மீட்டர் 88 மில்லிவோல்ட் காட்டியது. பக்கத்து இணைப்பில் அதே அளவு 3 மில்லிவோல்ட். போல்ட்டைக் கழற்றிப் பார்த்தால் பஸ்பாருக்கும் செல் முகப்புக்கும் நடுவே ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர்! நட்டுக்குக் கீழே, பஸ்பாருக்கு மேலே இருக்க வேண்டியது. முதல் முறை கட்டும்போது நான் போட்டது, செல்லை மாற்றும்போதும் அதே வரிசையில் பக்குவமாகத் திருப்பி வைத்ததும் நான்தான். 88 மில்லிவோல்ட், 60 ஆம்பியர் என்றால் அந்த ஒரு இடத்தில் 5 வாட்டுக்கு மேல் சூடு. 150 ஆம்பியரில் அது 30 வாட்டைத் தாண்டும், அதாவது சால்டரிங் அயர்ன்.

அந்தச் சரிவு செல்லின் கணக்கில் ஏன் விழுந்தது என்றால், பி.எம்.எஸ் தன் சென்ஸ் வயர்கள் இரண்டுக்கும் நடுவே இருக்கும் எல்லாவற்றையும் செல் என்றே நினைக்கும். பஸ்பாரும் போல்ட்டும் அதற்குள் அடக்கம்.

பார்க்க வேண்டிய வரிசை:

முறுக்கு. டார்க் ரெஞ்சால் எல்லா நட்டையும் ஒரு சுற்றுப் பாருங்கள். எம்6 போல்ட்டுக்குப் பல தயாரிப்பாளர்கள் சொல்வது 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். உங்கள் செல்லின் தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. அலுமினியத்தில் வெட்டிய மரை மென்மையானது, கைபலத்தைக் காட்டினால் கழன்று வந்துவிடும்.

வாஷர் வரிசை. செல் முகப்பு, பஸ்பார், சென்ஸ் ரிங், வாஷர், நட். முகப்புக்கும் பஸ்பாருக்கும் நடுவே எதுவும் வரக் கூடாது.

முகப்புச் சுத்தம். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு பூத்திருக்கும். பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் போல மெல்லிய உரசலால் தேய்த்து, ஆல்கஹாலில் துடைத்து, உடனே பஸ்பாரை வைத்து முறுக்கிவிடுங்கள்.

பஸ்பார் சமமாகப் படுகிறதா? பக்கத்துச் செல்கள் உயரத்தில் அரை மில்லிமீட்டர் விலகினாலும் கெட்டியான பஸ்பார் ஒரு ஓரத்தில்தான் தொடும். கீழே அட்டை கொடுத்துச் சமப்படுத்தலாம், வளையக்கூடிய பஸ்பாரும் போடலாம்.

இதற்கெல்லாம் பிறகும் சரிவு இருந்தால் அந்தச் செல்லையும் வேறொரு செல்லையும் இடம் மாற்றிப் பாருங்கள். சரிவு செல்லோடு போனால்தான் செல்லில் குறை. பழைய இடத்திலேயே நின்றால் இணைப்போ வயரோதான். புது செல் வாங்கும் முன்பு இந்த இடமாற்றத்தை நான் செய்திருக்க வேண்டும்.

பஸ்பாரைத் தொடும் முன் ஒரு கட்டாய வரிசை இருக்கிறது. முதலில் இன்வெர்ட்டர் ஆஃப், அடுத்து பிரேக்கர் ஆஃப், அடுத்து பி.எம்.எஸ்ஸின் சென்ஸ் பிளக்கைப் பிடுங்குங்கள், அதன் பிறகே நட்டைத் தளர்த்துங்கள். சென்ஸ் பிளக் இருக்கும்போது பஸ்பாரைத் திறந்தால் முழு பேங்க்கின் வோல்டேஜும் இரண்டு மெல்லிய வயர்களின் நடுவே வந்து பி.எம்.எஸ்ஸைக் கொன்றுவிடலாம். திரும்ப மாட்டும்போது தலைகீழ் வரிசை: எல்லா பஸ்பாரும் முறுக்கியாகி, பிளக்கின் ஒவ்வொரு பின்னிலும் மீட்டரை வைத்து 3.3, 6.6, 9.9 என்று ஏறுகிறதா என்று பார்த்த பிறகே மாட்ட வேண்டும். மோதிரம், வாட்ச் கழற்றி வையுங்கள். ஸ்பேனரில் நட்டைப் பிடிக்கும் முனை தவிர மற்ற இடமெல்லாம் டேப் சுற்றுங்கள். 51 வோல்ட் ஷாக் அடிக்கிறதோ இல்லையோ, ஸ்பேனர் இரண்டு முனையில் விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடும்.

*டெக்னீஷியன்:* மரை கழன்றிருந்தால், ஸ்டட் முறிந்திருந்தால், முகப்பு கருகியோ உருகியோ இருந்தால்.

## பேலன்சர் ஓயாமல் ஓடுகிறது, வித்தியாசம் கூடத்தான் செய்கிறது

ஆக்டிவ் பேலன்சரை வாங்கி மாட்டிவிட்டு, "இனி கவலை இல்லை" என்று இருப்பவர்களுக்கு வருவது இது. காரணம் பெரும்பாலும் ஒன்றே: பேலன்சர் நாள் முழுக்க ஓடுகிறது.

லோடு ஓடும்போது உள்தடை கொஞ்சம் கூடிய செல் கீழே தெரியும். பேலன்சர் அதைக் காலி என்று நினைத்து ஊட்டும். ராத்திரி முழுவதும் ஊட்டு வாங்கிய அந்தச் செல், மறுநாள் சார்ஜில் எல்லோருக்கும் முன்னால் 3.65-ஐத் தொடும். இப்போது பேலன்சர் அதிலிருந்து எடுக்கும். பகலில் எடுக்கிறது, ராத்திரி கொடுக்கிறது. மாதக்கணக்கில் இந்தக் கூத்து நடக்கும்.

பேலன்சிங் தொடங்கும் வோல்டேஜை 3.40-க்கு மேலே வையுங்கள். வித்தியாசம் 10 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் தொடங்கட்டும். செட்டிங்கே இல்லாத விலை குறைந்த பேலன்சர் என்றால் அதை ஓடவிடும் ரன் முனையில் ஒரு சுவிட்ச் போட்டு, பேங்க் உச்சியில் இருக்கும்போது மட்டும் ஓட்டுங்கள். அந்த முனையும் இல்லாவிட்டால் அந்தப் பேலன்சர் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

அதற்குப் பிறகும் அடங்கவில்லையா? பேங்க் உச்சிக்குப் போகிறதா என்று பாருங்கள். ஆயுள் கூடும் என்று 90 சதவீதத்திலேயே நிறுத்திவிடுபவர்களின் பேங்க் 3.40-ஐத் தொடுவதே இல்லை. பேலன்சருக்கு வேலை நேரமே கிடையாது.

## சும்மா வைத்திருந்தாலும் ஒரு செல் மட்டும் பின்தங்குகிறது

லோடு இல்லை, சார்ஜ் இல்லை, இரண்டு வாரம் கழித்து உச்சிக்கு ஏற்றினால் ஒரே செல் கடைசியில் தள்ளாடி வருகிறது.

நடுவிலிருந்து யாராவது எடுக்கிறார்களா? சிரிக்காதீர்கள். முதல் நான்கு செல்லிலிருந்து 12 வோல்ட் எடுத்து மோடத்துக்கோ விளக்குக்கோ கொடுத்திருப்பார்கள். அந்த நான்கும் சேர்ந்து பின்தங்கினால் வேறு காரணமே தேட வேண்டாம். வயரைப் பிடுங்கிவிட்டு 51 வோல்ட்டிலிருந்து 12 ஆக்கும் கன்வெர்ட்டர் போடுங்கள்.

பி.எம்.எஸ்ஸோ பேலன்சரோ கசிய விடுகிறதா? ஒரு சேனலின் சுவிட்ச் மூடியபடியே நின்றுவிட்டால் அந்தச் செல் மட்டும் ஓயாமல் எரியும். எல்லாவற்றையும் 3.45-ல் சமன் செய்து, சார்ஜ், லோடு இரண்டையும் நிறுத்தி, சென்ஸ் பிளக்கைப் பிடுங்கி இரண்டு வாரம் விடுங்கள். அப்புறம் மாட்டிச் சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செல் மற்றவற்றோடு சேர்ந்தே வந்தால் குற்றவாளி செல் அல்ல, பி.எம்.எஸ் அல்லது பேலன்சர் பலகைதான்.

செல்லே கசிகிறதா? அப்போதும் பின்தங்கினால் எவ்வளவு என்று அளக்க வேண்டும். தனியாக அந்தச் செல்லுக்கு எத்தனை ஆம்பியர்-மணி கொடுத்தால் மற்றவற்றை எட்டுகிறது? 14 நாளில் 3 ஆம்பியர்-மணி என்றால் சுமார் 9 மில்லியாம்பியர் கசிவு, நாளுக்கு 0.2 ஆம்பியர்-மணி. தினம் ஒரு மணி நேரம் ஓடும் 100 மில்லியாம்பியர் பாசிவ் பேலன்சர் இதை ஒருபோதும் பிடிக்க முடியாது. 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சருக்கு இது நாளுக்குச் சில நிமிட வேலை. அதனால் கசிவு ஒரே அளவில் நின்றால் அதோடு வாழலாம். மாதாமாதம் கூடினால் மாற்றிவிடுங்கள்.

2 வோல்ட்டுக்குக் கீழே நாட்கணக்கில் கிடந்த செல்லை உயிர்ப்பிக்கப் பார்க்க வேண்டாம். உள்ளே தாமிரம் கரைந்து படிந்து, சார்ஜ் ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம்.

## 40 சதவீதம் காட்டிக்கொண்டே இருந்து, பட்டென்று அணைந்துவிடுகிறது

அணைந்த நொடியில் செல் வோல்டேஜ் என்ன என்பதுதான் கேள்வி.

எல்லா செல்லும் சேர்ந்து கீழே இருந்தால் சதவீதக் கணக்கு பொய். பி.எம்.எஸ் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் சொல்கிறது. சில பி.எம்.எஸ்கள் ஒரு ஆம்பியருக்குக் கீழே ஓடுவதைப் பூஜ்யம் என்றே எடுத்துக்கொள்ளும். வெறுமனே விழித்திருக்கும் இன்வெர்ட்டரே 50 வாட் குடித்தால் அது ஏறத்தாழ ஒரு ஆம்பியர், நாளுக்கு 24 ஆம்பியர்-மணி, 280-ல் எட்டு சதவீதத்துக்கு மேல். வெயில் இல்லாத ஒரு வாரம் போதும், கணக்கு தடம் புரள. பேங்க்கை 55.2-க்கு ஏற்றி, கரண்ட் 10, 12 ஆம்பியருக்கு இறங்கும் வரை பிடித்துவைத்தால் பி.எம்.எஸ் தன்னை 100 என்று திருத்திக்கொள்ளும். அடிக்கடி இதே தொல்லை என்றால் ஓடும் கரண்டைத் தனியாக அளந்து கணக்கு வைக்கும் ஒரு ஷன்ட் மீட்டர் போடுங்கள்.

ஒரு செல் மட்டும் 2.6-ல், மற்றவை 3.15-க்கு மேலே என்றால் அதே செல் உச்சியில் எப்படி நடந்துகொள்கிறது என்று பழைய பேப்பரில் பாருங்கள். உச்சிக்குக் கடைசியாக வந்து, அடியில் முதலில் விழுந்தால் அது வெறும் பின்தங்கல், சமன் செய்தால் சரியாகிவிடும். உச்சிக்கும் முதலில் வந்து, அடியிலும் முதலில் விழுந்தால் அந்தப் பாத்திரமே சிறியது. கொள்ளளவு போய்விட்டது. எந்தப் பேலன்சரும் அதைத் திருப்பித் தராது.

## இரண்டு பேங்க் இணையாக இருக்கிறது, ஒன்றுதான் உழைக்கிறது

கேபிள் நீளம் சமமா என்று பாருங்கள். பொதுவான பஸ்பாரிலிருந்து இரண்டுக்கும் ஒரே நீளம், ஒரே தடிமன். முதல் பேங்க்கிலிருந்தே இரண்டாவதற்கு வயர் தாவியிருந்தால் பிளஸ்ஸை ஒரு பேங்க்கிலிருந்தும் மைனஸை மற்றதிலிருந்தும் எடுங்கள், ஓரளவு சரியாகும். பிரேக்கரின் முனை, ஃபியூஸ் ஹோல்டர் ஆகியவற்றின் குறுக்கே லோடில் மில்லிவோல்ட் பாருங்கள். நான் பார்த்தவரை நீளம் சரியாக இருந்தும் பங்கு விலகினால் பிரேக்கர்தான்.

## குளிரில் சார்ஜ் ஏறவில்லை

கோளாறு அல்ல. 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே எல்.எஃப்.பி செல்லைச் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் வரும். அதனால் பி.எம்.எஸ் தடுக்கிறது. அந்த எல்லையைத் தளர்த்தாதீர்கள், செல்லைச் சூடாக்குங்கள். அறை குளிராகவே இல்லாதபோதும் தடுத்தால் வெப்ப சென்ஸர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

## வருடத்துக்கு வருடம் நேரம் குறைகிறது

எல்லாம் சமமாக இருக்கிறது, இணைப்புகள் ஜில்லென்று இருக்கின்றன. ஆனால் முன்பு விடியும் வரை வந்தது, இப்போது நடு ராத்திரியில் நிற்கிறது. முதலில் லோடு கூடியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் புதிதாக வந்த ஒரு ஏசிக்காகப் பேட்டரியைக் குறை சொல்வது வழக்கம்.

லோடு மாறவில்லையென்றால் கொள்ளளவை அளந்துவிடுங்கள். உச்சிக்கு ஏற்றி, ஒரு மணி நேரம் விட்டு, 40, 50 ஆம்பியர் சீரான லோடில் இறக்கி, முதல் செல் 2.8-ஐத் தொடும்போது எத்தனை ஆம்பியர்-மணி வந்தது என்று குறியுங்கள். 280-க்கு 238 வந்தால் 85 சதவீதம். 80-க்கு வந்ததும் ஆயுள் முடிந்தது என்று தயாரிப்பாளர்கள் கணக்கு வைத்தாலும், சமமாக 75-ல் நிற்கும் பேங்க் இன்னும் பல வருடம் ஓடும். ஒரு செல் மட்டும் 75, மற்றவை 92 என்றால்தான் அந்த ஒன்றை மாற்றுவதில் அர்த்தம்.

ஆயுளைத் தின்பது முதலில் சூடு. தாளில் இருக்கும் ஆயிரக்கணக்கான சைக்கிள் கணக்கு 25 டிகிரியில் எடுத்தது. கை கணக்காக, ஒவ்வொரு 10 டிகிரி கூடுதலுக்கும் முதுமை இரு மடங்கு வேகம் என்று வையுங்கள். தகரக் கூரைக்கு அடியில் இருக்கும் பேங்க்கைச் சுவரோரம் மாற்றுவதுதான் மிக மலிவான ரிப்பேர். அடுத்தது முழு சார்ஜில் சும்மா உட்காருவது. சூட்டோடு இதுவும் சேர்ந்தால் மோசம். மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறீர்கள் என்றால் பாதி சார்ஜில் வைத்து, பிரேக்கரை இறக்கிவிட்டுப் போங்கள்.

முழுக்க ஏற்றாதே என்று ஒரு பக்கம், பேலன்சருக்கு உச்சி வேண்டும் என்று இன்னொரு பக்கம். நான் செய்வது: தினமும் 54.4 வரை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 55.2-ல் இரண்டு மணி நேரம்.

*டெக்னீஷியன்:* பேங்க் இரண்டு வருடத்துக்குள் 80-க்கு வந்துவிட்டால், அளவுகளை எழுதிய பேப்பரோடு விற்றவரிடம் போங்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

மாற்றிய புது செல் பழையவற்றோடு சேரும்போது ஒன்றைக் கவனியுங்கள்: மாட்டும் முன் அதைத் தனியாக 3.65-க்கு ஏற்றி, பேங்க்கும் உச்சியில் இருக்கும்போது சேருங்கள். மற்றபடி, அது புதியது என்பதால் பேங்க் ஓடும் நேரம் நீளாது. என்னுடைய பேங்க்கில் ஏழாம் நம்பர்தான் இன்று பதினாறிலும் தெம்பானது. ஆனால் பன்னிரண்டாம் நம்பர் செல் காலியானதும் எல்லாம் நின்றுவிடுகிறது. வீணாகக் கழற்றிய பழைய ஏழாம் செல்லைத் தனியாக அளந்து பார்த்தேன், 268 ஆம்பியர்-மணி வந்தது. ஷெல்ஃபில் பாதி சார்ஜோடு இருக்கிறது, பன்னிரண்டின் இடத்துக்காக.